கீழே பாத்ர், மேலே அபாத்ர்

மும்பைத் தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டு, அங்கிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சுருக்கித் தருகிறேன்.

"அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து சின்ன வயசிலேயே இங்கே வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1976 போட்டோபாஸ், அதாவது குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை, அவர் பேரில் இருக்கிறது. 2011-ல் காலமாகிவிட்டார். பத்துக்குப் பதினைந்து வீடு. கீழே அம்மா, நான், என் கணவர், இரண்டு பெண்கள். மேலே தம்பி, அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். மாடி 2004-ல் போட்டது, வெளியே இரும்பு ஏணி. தம்பி இங்கேயே பட்டறையில் தோல் பை வெட்டுகிறான். நானும் அம்மாவும் இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஆறு மணிக்குள் நாலு பேர் சைக்கிளில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது சுவரில் நம்பர் எழுதியிருக்கிறார்கள். அடுத்து பேப்பர் பார்க்க வருவார்களாம். கமிட்டியில் ஒரு பாதி 'கதவைத் திறக்காதே, திறந்தால் சம்மதம் கொடுத்த மாதிரி' என்கிறது. இன்னொரு பாதி 'வந்ததை வாங்கிக்கோ' என்கிறது. கீழ்வீட்டுக்குத்தான் தாராவியில் ஃபிளாட், மாடிக்குத் தேவ்னாரோ முலுண்டோ என்கிறார்கள். தம்பி என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. லைட் பில், மற்ற காகிதமெல்லாம் 2005 வெள்ளத்தில் போய்விட்டது. போட்டோபாஸ் மட்டும் மாடியில் தம்பியின் ட்ரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பியது. இரண்டு லட்சம் கொடுத்தால் மாடியையும் பாத்ர் (தகுதியுள்ளது) ஆக்கித் தருகிறேன் என்று ஒருத்தர் வந்து போகிறார். ஃபிளாட்டில் இட்லி வியாபாரம் நடக்குமா? ஆடியில் ஊரில் கொடை, அம்மாவை அனுப்பலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ட்ரங்குப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். 2005 ஜூலை 26-ல் மித்தி நதி பொங்கி வந்தபோது கீழ்வீட்டில் இருந்ததெல்லாம் போயிற்று, மாடியில் இருந்தது தங்கிற்று. இன்று கீழ்வீட்டைப் பாத்ர் ஆக்கப்போகிற காகிதத்தை அன்று காப்பாற்றிக் கொடுத்தது, அபாத்ர் என்று சொல்லப்படுகிற அந்த மாடிதான். இதைத் தம்பியிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்ர் என்றால் மராத்தியில் தகுதியுள்ளவர், அபாத்ர் என்றால் தகுதியற்றவர். குடிசை மாற்று அலுவலகப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். தாராவித் தமிழர்கள் வீட்டுப் பேச்சிலும் இதையே சொல்கிறார்கள். நம் ஊரில் பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொன்னார்கள். இங்கே முப்பது நாற்பது வருஷம் உழைத்து வரி கட்டியவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பாத்திரம் பார்க்கிறார்கள்.

சரி, கதவு விஷயம். திறங்கள்.

மும்பையில் மற்ற இடங்களில் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டம் என்றால் பில்டர் வீடு வீடாக வந்து சம்மதக் கையெழுத்து கேட்பார். முன்பு நூற்றுக்கு எழுபது பேர் போட வேண்டியிருந்தது, பிறகு 51 ஆகக் குறைத்தார்கள். அங்கே கையெழுத்துப் போடாமல் இருப்பது ஓர் ஆயுதம். அதை வைத்துப் பேரம் பேசியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கமிட்டிக்காரர்கள் சயனிலோ குர்லாவிலோ சொந்தக்காரர்களுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் பேசுகிறார்கள். தாராவியில் அந்த ஆயுதமே கிடையாது. இது அரசு கையில் எடுத்த தனித் திட்டம். குடியிருப்பவர்களின் சம்மதம் இதற்குத் தேவையில்லை என்று விதியிலேயே வைத்துவிட்டார்கள். இது அநியாயம் என்பதுதான் என் கருத்து. சுமார் 600 ஏக்கரில் இருக்கிற ஜனத்தை ஒரு வார்த்தை கேட்காமல் நடத்துகிற திட்டத்தை எந்தப் பெயர் வைத்து அழைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நீங்கள் கதவைச் சாத்துவதால் எங்கேயும் ஓர் எதிர்ப்பு ஓட்டு பதிவாகப் போவதில்லை. உங்கள் நம்பருக்கு நேராக 'பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் வக்கீல். என்னிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் ஒருவர், தாராவிக்கு வெளியே வேறொரு வட்டாரத்தில், இப்படித்தான் கொள்கைப் பிடிப்போடு கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அவரோடு கோஷம் போட்டவர்தான். ஆனால் அவருடைய மனைவி மட்டும் சத்தமில்லாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டார். கட்டடம் எழுந்தபோது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாவி கிடைத்தது. என் கட்சிக்காரர் தான் அங்கே குடியிருந்ததை நிரூபிக்க ஆறு வருஷம் அலைந்தார். அந்த ஆறு வருஷமும் வாடகை வீடு. கடைசியில் கிடைத்தது என்பது வேறு விஷயம். கிடைத்த நாளில் அவர் முகத்தில் சந்தோஷத்துக்கு இடமே மிச்சமில்லை.

அதனால் சர்வேயையும் சம்மதத்தையும் பிரித்துப் பாருங்கள். கணக்கெடுக்க வந்தால் காகிதத்தைக் காட்டுங்கள். கூடவே உங்கள் சாலில் (வீட்டு வரிசையில்) உள்ள எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள்: 'கணக்கெடுப்புக்கு ஒத்துழைக்கிறோம், இதைத் திட்டத்தின் நிபந்தனைகளுக்குக் கொடுத்த சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது' என்று. தாராவி மறுசீரமைப்புத் திட்ட அலுவலகத்தில் கொடுத்து, நகலில், பெற்றுக்கொண்டதற்கான இன்வர்ட் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை அனுப்பியும் பிரயோஜனமில்லை. சர்வே படிவத்தில் கையெழுத்து கேட்டால், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்த பிறகே போடுங்கள். உங்கள் பெண்கள் இங்கே படிக்கிறவர்கள், அவர்களுக்கு மராத்தி வரும். அந்த நாள் பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. சுவரில் எழுதின நம்பரையும் வாசலையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வெள்ளையடிக்கும்போது அந்த நம்பரையும் சேர்த்து அடித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கமிட்டிக்காரர்களின் சந்தேகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தாராவிக்காரர்களுக்கு 'புலி வருது' கதை புதிதில்லை. 1985-ல் ராஜீவ் காந்தி வந்து பார்த்துவிட்டு மும்பைக்கு 100 கோடி அறிவித்தார், அதில் ஒரு பங்கு தாராவிக்கு வந்து சில கட்டடங்கள் எழுந்தன. 2004-ல் முழுத் தாராவிக்கும் திட்டம் என்றார்கள், 2007-ல் உலக டெண்டர் விட்டார்கள், 2011-ல் கைவிட்டார்கள். 2018-ல் மறுபடி டெண்டர், 7,200 கோடி கேட்ட துபாய் சார்ந்த நிறுவனம் முதலில் வந்தது. ரயில்வே நிலம் சேர்ந்ததைக் காரணம் காட்டி 2020-ல் அதையும் ரத்து செய்தார்கள். 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம் எடுத்தது. இப்போது வேலையை நடத்தும் கம்பெனியில் அதானிக்கு எண்பது பங்கு, மாநில அரசுக்கு இருபது. 2018-ல் முதலில் வந்த அந்தத் துபாய் சார்ந்த நிறுவனம் போட்ட வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே 2025 மார்ச்சில் வேலைக்குத் தடை கிடைக்கவில்லை. 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கும் முதலமைச்சர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். இருபது வருஷமாக வராத புலி இந்தத் தடவையும் வராது என்று இருந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள கீழ்வீடு என்றால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி ஃபிளாட், இலவசம். (சாதாரண எஸ்.ஆர்.ஏ.வில் 300தான். 500 வேண்டும், எல்லோருக்கும் தாராவியிலேயே வேண்டும் என்பது 'தாராவியைக் காப்போம்' இயக்கமான தாராவி பச்சாவ் ஆந்தோலன்காரர்களின் கோரிக்கை.) 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்த கீழ்வீடு என்றால் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும், வீடு தாராவிக்கு வெளியே, 300 சதுர அடி. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும், எந்த வருஷத்து மாடியாக இருந்தாலும் மாடியில் இருப்பவர்களுக்கும், 2022 நவம்பர் 15-க்குள் அங்கே இருந்ததைக் காட்டினால் வெளியே ஒரு வீடு. வாடகை போல மாதாமாதம் கட்டிக்கொண்டே வந்து கடைசியில் சொந்தமாக்கிக்கொள்ளும் முறை. உங்கள் போட்டோபாஸ் 1976. கீழ்வீட்டைப் பற்றி ராத்திரி தூக்கம் கெடத் தேவையில்லை.

மாடியைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பதினைந்து அடியில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? மேலேதான் போகும். தாராவி முழுக்க வளர்ந்தது அப்படித்தான். அந்த மாடிக்கு ஆங்கிள் போட்டபோது வார்டு ஆள் வந்து பார்த்திருப்பார், பார்த்துவிட்டு எப்படிப் போயிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். மாடிக்கும் மின்சாரம் கொடுத்துப் பில் வாங்கினார்கள். மாடியில் இருப்பவரிடமும் ஓட்டு கேட்டு ஏணியில் ஏறினார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு மாடிக் குழந்தையையும் கணக்கில் எடுத்தார்கள். வீடு கொடுக்கிற நேரம் வந்ததும் மாடி என்பதே கண்ணில் படவில்லை, 'மாற்று ஏற்பாடு' ஆகிவிட்டது. சட்டத்தின் பார்வையில் அரசு நிலத்தைத் தொடுகிற வீட்டுக்குத்தான் கணக்கு, அதற்கு மேலே இருப்பது தரைவீட்டின் ஓர் அங்கம் என்ற பழைய நினைப்பு இது. குடிசைச் சட்டம் 1971-ல் வந்தபோது தாராவியில் தகரக் கூரைதான் அதிகம். இன்று ஏணிகள்தான் அதிகம். முன்பெல்லாம் எஸ்.ஆர்.ஏ.வில் மாடிக்காரர்களுக்கு ஒன்றுமே கிடையாது, இப்போது ஏதோ ஒன்று இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்வதும் உண்மைதான். அந்த ஏதோ ஒன்று எங்கே என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு இரண்டு வழி உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாடியில் தனிக் குடும்பம் என்ற முறையில் வெளியே ஒரு வீடு கேட்பது ஒரு வழி. அதற்குத் தனி ஏணி, தனிச் சமையல், தனி மீட்டர், அந்த முகவரியில் ஆதார், தனி ரேஷன் கார்டு, இவையெல்லாம் பேசும். சர்வேக்காரர் வரும்போது தம்பி வீட்டில் இருந்து, மாடியைத் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். 'எல்லாம் ஒரே குடும்பம்தான்' என்று அம்மா பாசத்தில் சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். (அம்மாக்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அது ஒரே குடும்பம்தான்.) இன்னொரு வழி, கீழ்வீட்டின் வாரிசு என்ற உரிமை. அப்பா உயில் எழுதவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூன்று பேரும் சம வாரிசுகள். கல்யாணமான பெண் என்பதால் உங்களுக்குக் குறையாது, மாடியில் இருப்பதால் அவருக்கும் குறையாது.

நடைமுறையில் போட்டோபாஸை அம்மா பெயருக்கு மாற்றச் சொல்வார்கள். அதற்கு நீங்களும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சாக்கில் யாராவது ஹக்சோட் பத்திரத்தை நீட்டினால், நீங்களும் போடாதீர்கள், தம்பியையும் போடச் சொல்லாதீர்கள். ஆட்சேபணை இல்லை என்பது பெயர் மாற்றத்துக்கு. ஹக்சோட் என்பது உரிமையையே விட்டுவிடுவது. ஸ்டாம்ப் பேப்பர் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், டைப் அடிக்கிறவரும் ஒருவராகவே இருப்பார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதுவேன். தம்பிக்கு வெளியே வீடு கிடைத்தால் அதன் மாதத் தவணையில் ஒரு பகுதியைக் கீழ்வீடு ஏற்கும், கிடைக்காமல் போனால் 350 சதுர அடியில் அவருக்கும் பங்கு உண்டு, விற்கிற காலம் வந்தால் எப்படிப் பிரிப்பது, இவ்வளவுதான். அக்கா தம்பிக்குள் எழுத்தா என்று அம்மா முகம் சுளிக்கலாம். எழுதாமல் விட்ட அக்கா தம்பிகள்தான் கோர்ட் வராந்தாவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள், நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டு லட்சம் கேட்கிறவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மாடிக்கு வெளியேதான் வீடு என்பது விதி, விதியை அவர் மாற்ற முடியாது. சர்வேக்குக் கட்டணமே கிடையாது. அடுத்த தடவை வந்தால் இதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பிறகு வரமாட்டார். இதே ஆட்களில் சிலர் 'ரொக்கமாகத் தருகிறேன், பவர் எழுதிக் கொடு' என்றும் வருவார்கள். அப்பா பெயரில் இருக்கிற போட்டோபாஸை வைத்துக்கொண்டு இந்த நேரத்தில் பவர் பத்திரம் எழுதினால் வாங்கினவருக்கும் பிரச்சினை, கொடுத்த உங்களுக்கும் பிரச்சினை.

காகிதம் வெள்ளத்தில் போனது பெரிய இழப்பு இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் பகுதிக்கு மின்சாரம் கொடுப்பது பெஸ்ட் என்ற மாநகராட்சி நிறுவனம். இப்போதைய பில்லில் உள்ள நுகர்வோர் எண்ணை வைத்து, இணைப்பு எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று அங்கே எழுத்தில் கேட்கலாம். அப்பா பெயர் இருக்கும் பழைய வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலைத் தேர்தல் பதிவு அலுவலகத்தில் வாங்கலாம். 2000-க்கு முந்தைய பட்டியலைத் தேடுங்கள். நீங்களும் தம்பியும் படித்த பள்ளியில் பதிவேட்டு நகல் கேட்டால் அதில் வீட்டு முகவரி இருக்கும். முப்பது வருஷத்துப் பதிவேட்டை எடுத்துத் தரத் தலைமை ஆசிரியர்கள் முதலில் சலித்துக்கொள்வார்கள், பிறகு தேடித் தருவார்கள். மாநகராட்சி, கலெக்டர் அலுவலகக் காகிதம் என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஒரிஜினலை யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். கண்முன்னே ஸ்கேன் செய்து கொள்ளட்டும், நீங்கள் திரும்ப வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடியும் மாடியிலேயே வையுங்கள். இரும்புப் பெட்டிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டதே.

இதற்குப் பிறகு வரைவுப் பட்டியல் ஒட்டுவார்கள். பெயர், பரப்பளவு, வீடா கடையா, பாத்ரா அபாத்ரா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். எழுத்துப் பிழையைக்கூட விடாதீர்கள். தமிழ்ப் பெயரை மராத்தியில் எழுதும்போது அப்பா பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி வந்துவிடும், அதுவே 'வேறு ஆள்' என்று ஒதுக்கக் காரணமாகும். நோட்டீஸில் உள்ள நாட்களுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். தள்ளினால் மேல்முறையீடு இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தில் மனு கொடுத்தால் போதும். ஃபிளாட் ஒதுக்கும்போது கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் கொடுப்பது விதி. எந்தக் குடும்பத்திலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இட்லிக்கு வருவோம். எனக்கு இதில்தான் கவலை அதிகம், ஏனென்றால் வீட்டுக்கு விதி இருக்கிறது, இந்த வியாபாரத்துக்கு விதி இல்லை. 2000-க்கு முன்பிருந்த தனிக் கடை, பட்டறை என்றால் 225 சதுர அடி வரை இலவச இடம் என்கிறது திட்டம். தொழில்களுக்கு ஐந்து வருஷம் மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவதாகவும் இருக்கிறது. உங்களுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, அதனால் அந்தச் சலுகை காகிதத்தோடு சரி. உங்களுடையது ராத்திரி வீடாகவும் விடியற்காலை தொழிற்கூடமாகவும் இருக்கிற ஒரே அறை. அதற்கு வீடு ஒன்று, கடை ஒன்று என்று இரண்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றுதான் கிடைக்கும், அதை வீடாகவே பதிவு செய்யுங்கள். ஆனால் இங்கே உணவுத் தொழில் நடக்கிறது என்பதையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மாவு மெஷின், இட்லிக் கொப்பரை எல்லாம் போட்டோவில் வரட்டும். குமாஸ்தா லைசென்ஸ் (கடை, தொழில் நடத்துவதற்கான பதிவு) எடுக்கவில்லை என்று தெரிகிறது; இப்போதாவது அதையும், சிறு உணவுத் தொழிலுக்கான பதிவையும் எடுத்துவிடுங்கள். பழைய தேதி கிடைக்காது, ஆனாலும் ஏதாவது ஒரு தேதி இருப்பது நல்லது.

ஃபிளாட்டில் நடக்குமா என்று கேட்டீர்கள். நடக்காது என்பதுதான் என் பதில். பன்னிரண்டாவது மாடியில் கமர்ஷியல் சிலிண்டர் வைக்கத் தீயணைப்பு விதி விடாது. ராத்திரி பதினொரு மணிக்கு மாவு மெஷின் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். விடியற்காலையில் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நானூறு இட்லியை யார் இறக்குவது? இப்போது நாலு சைக்கிள்காரர்கள் உங்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்த வாசல்தான் வியாபாரமே. எனவே தனியாகக் கேட்காதீர்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் இட்லி, முறுக்கு, பப்படம் போடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெயர், எத்தனை வருஷமாக, எவ்வளவு மாவு, எத்தனை பேருக்குப் பிழைப்பு என்று ஒரு பட்டியல் போட்டு, தரைத்தளத்தில் பொதுச் சமையல் கூடம் வேண்டும், தண்ணீர், வடிகால், வண்டி நிற்க இடத்தோடு வேண்டும் என்று மனு கொடுங்கள். தாராவிக்குள்ளேயே இருக்கிற கும்பார்வாடாவில் குயவர்கள் சூளையோடு சேர்த்துத்தான் இடம் கேட்கிறார்கள். வீடு வேறு, சூளை வேறு என்று அவர்கள் பிரித்துப் பேசுவதே இல்லை, அதில் அவர்கள் நம்மவர்களைவிடக் கெட்டி. கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்காத சமையல் கூடத்தை யாரும் வரைபடத்தில் போட்டுத் தரமாட்டார்கள்.

தம்பி பயப்படுகிற இடங்களைப் பற்றி. வெளியே கட்டும் வீடுகளுக்காக முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதி உப்பள நிலம் சுமார் 256 ஏக்கர், குர்லா மதர் டெய்ரி நிலம், தேவ்னார் குப்பை மேட்டில் 124 ஏக்கர் என்று பெயர்கள் வந்திருக்கின்றன. தேவ்னார் மேடு 1927-லிருந்து இந்த நகரத்தின் குப்பையைச் சுமக்கிறது. உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கிற மேடு அது. மும்பை இதற்கு முன்பே செம்பூர் பக்கம் மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே ஜனங்களைக் குடிபெயர்த்துப் பார்த்துவிட்டது. மூச்சுத் திணறலும் தோல் நோயுமாக மக்கள் போராடி, 2019-ல் உயர் நீதிமன்றம் அவர்களை அங்கே இருக்கக் கட்டாயப்படுத்த முடியாது, மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்றது. மான்கூர்ட், கோவண்டிப் பக்கத்து மறுகுடியேற்றக் கட்டடங்களில் நெருக்கமாக, காற்றும் வெளிச்சமும் புகாமல் கட்டிய இடங்களில் காசநோய் அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. தம்பி மனுவில் எழுத வேண்டியது இதைத்தான்: எந்த நிலம், ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி எத்தனை அடி, குப்பை நிலம் என்றால் யார் சோதித்துச் சான்று கொடுத்தார்கள். தோல் பை வெட்டுகிறவருக்குப் பட்டறை தாராவியில், வீடு முலுண்டில் என்றால் தினமும் இரண்டு ரயில். இதையும் எழுதட்டும். டிரான்சிட் (கட்டி முடியும்வரை தற்காலிக வீடு) என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், எத்தனை மாதம் என்று காகிதத்தில் வாங்கட்டும். தாராவியில் டிரான்சிட் கேம்ப் என்பதே ஓர் ஏரியாவின் பெயராக நிலைத்துவிட்டது என்று அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆடிக் கொடைக்கு அம்மா போகட்டும். போவதற்கு முன்னால் ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், போட்டோபாஸ் மூன்றிலும் அம்மா கையெழுத்திட்ட இரண்டு நகல் எடுத்து வையுங்கள். அம்மா சார்பில் காகிதம் காட்ட உங்களுக்கு அதிகாரம் தருவதாக நோட்டரியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், ரயில் டிக்கெட்டின் நகலையும் அதோடு வையுங்கள். நீங்களும் தம்பியும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போய்விடாதீர்கள். ஒருவர் கொடைக்கு, ஒருவர் வீட்டுக்கு. வீடு எந்த நாளும் பூட்டிக் கிடக்கக் கூடாது. போகிறவரிடம் சொல்லி, ஊர் ரேஷன் கார்டில் அம்மா பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் முறைப்படி நீக்கிவிட்டு வரட்டும். இங்கே ஒன்று அங்கே ஒன்று இருப்பதைத்தான் ஆட்சேபணைக்காரர்கள் முதலில் தேடுவார்கள்.